ஒரு டயரை உட்கார வைத்த வரலாறு

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து மனித குலம் அடைந்த முன்னேற்றம் அனைத்தையும் ஒரு தட்டில் வைத்து, கையேட்டாளர் தன் மனைவியின் பைக்குக்குத் தானே டயர் மாட்டிய அந்த வார இறுதியை இன்னொரு தட்டில் வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். கையேட்டாளருக்கு இல்லை. சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் ஊர் பேர் தெரியாத ஆசாமி. போகிற போக்கில் அதற்கு ஒரு கையேடு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தால் பின்னால் வந்தவர்களுக்கு இவ்வளவு சிரமம் இருந்திருக்காது என்பது அவருடைய நெடுநாள் வருத்தம்.

கையேட்டாளர் என்பது அவர் வகித்த பதவி. மிக்ஸி, மோட்டார் பம்பு, மின்விசிறி, மடக்குக் கட்டில் எல்லாவற்றோடும் டப்பாவுக்குள் ஒரு சின்னப் புத்தகம் வருமே, வாங்கியவர்கள் பிரித்துக்கூடப் பார்க்காமல் பரணில் போடுவார்களே, அந்தப் புத்தகங்களை எழுதிக் கொடுக்கும் நிறுவனத்தில் அவர் தலைமைக் கையேட்டாளர். "திருகாணியை வலப்புறமாகத் திருகவும்" என்று அவர் எழுதிய வாக்கியத்தை நம்பி எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் திருகியிருக்கிறார்கள். அவர் மட்டும் திருகியதில்லை. எழுதுகிறவன் திருக ஆரம்பித்தால் எழுதுவது யார் என்று கேட்பார். வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் ஸ்டூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். ஏறுவது மனைவி.

அந்த நிறுவனத்தைப் பற்றிப் பேசும்போது மேலாளரைச் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும். மேலாளர் ஒருமுறை பயிற்சி முகாமுக்குப் போனார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பும்போது 'நேர்மறை'யோடு திரும்பினார். எதிர்மறைச் சொற்கள் படிப்பவரின் மனத்தைச் சுருங்கச் செய்கின்றன, ஆகவே கையேடுகளிலிருந்து அவை களையப்படும் என்று சுற்றறிக்கை வந்தது. 'கூடாது' என்ற சொல் 'பிறகு பார்க்கலாம்' ஆயிற்று. மின்விசிறிக் கையேட்டில் 'ஓடும்போது விரலை நுழைக்கக் கூடாது' என்று இருந்தது, 'ஓடும்போது விரலை நுழைப்பதைப் பிறகு பார்க்கலாம்' என்று திருத்தம் பெற்றது. 'மன்னிக்கவும்' என்பது குற்றத்தை ஒப்புக்கொள்கிற சொல். அதற்குப் பதிலாகப் 'புரிந்துகொண்டதற்கு நன்றி' என்று போட வேண்டும். எல்லாவற்றிலும் கடுமையான தண்டனை 'எதிர்' என்ற சொல்லுக்குத்தான். அது எங்கே தலைகாட்டினாலும் அடித்துவிட்டு 'இணக்கம்' என்று எழுத வேண்டும்.

கையேட்டாளர் இந்தத் தொண்டைச் சிரமேற்கொண்டார். கடிதங்களின் முடிவில் 'தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்' என்பது 'தங்கள் பதிலை இணங்கிப் பார்க்கிறோம்' ஆயிற்று. அலுவலகத்துக்கு வழி கேட்டவர்களிடம், மருந்துக்கடைக்கு இணக்கமாக உள்ள கட்டடம் என்று சொல்லப்பட்டது. அவர்கள் மருந்துக்கடையிலேயே போய் விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

வீட்டிலேயே பைக் டயர் மாட்டிக்கொள்வதற்கான கருவிப்பெட்டி ஒன்றின் கையேடு அந்தச் சமயத்தில்தான் மேசைக்கு வந்தது. அதில் ஒரு வரி இருந்தது: 'டயரின் கடைசிப் பகுதியை ஏற்றும்போது எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அழுத்திக்கொள்ளவும்.' டயரின் ஓரத்துக்குள்ளே ஒரு கம்பி வளையம் ஓடுகிறது. கம்பி நீளாது. ஒரு பக்கம் ரிம்மின் விளிம்பைத் தாண்டி ஏற வேண்டுமானால், அதற்கு நேர் எதிர்ப்பக்கம் ரிம்மின் நடுவிலுள்ள பள்ளத்தில் இறங்கி இடம் கொடுக்க வேண்டும். டயர் மாட்டும் வித்தை மொத்தமும் அந்த ஒரு வரிக்குள் அடக்கம். கையேட்டாளர் 'எதிர்ப்பக்கத்தை' என்பதை அடித்துவிட்டு 'இணக்கப் பக்கத்தை' என்று எழுதினார். மேலாளர் ஓரத்தில் 'அருமை' என்று குறித்தார்.

இன்னொரு வரியும் அதே பேற்றைப் பெற்றது. காற்றடித்ததும் டயரின் ஓரம் ரிம்மோடு சுற்றிலும் சமமாகப் போய்ப் பொருந்துவதை அந்தத் தொழிலில் 'உட்காருவது' என்பார்கள். உட்காருவதைப் பற்றி அந்த அலுவலகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 'ஏதாவது ஓரிடத்தில் உட்காராவிட்டால், காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி காற்றடிக்கவும்' என்ற வரி, 'உட்காராவிட்டால்' என்று அபசகுனமாகப் பேசிய குற்றத்துக்காக நீக்கப்பட்டது. அந்த இடத்தில் 'டயர் உட்கார்ந்ததும் மகிழவும்' என்று கையேட்டாளர் எழுதினார். இதற்கும் 'அருமை' கிடைத்தது.

இந்த நிலையில்தான் மேலாளர் 'சொந்தக் கை வார'த்தை அறிவித்தார்.

"நாம எழுதறோம். ஆனா நாம செய்யறோமா?" என்று கூட்டத்தில் கேட்டார்.

"இல்ல சார்," என்றார் ஹெல்மெட். ஹெல்மெட் என்பவர் பாதுகாப்பு அதிகாரி. தலையில் மஞ்சள் ஹெல்மெட் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அலுவலகக் கூரையிலிருந்து எதுவும் விழுந்ததாகவும் தகவல் இல்லை.

"இல்லன்னு சொல்லாதீங்க."

"பிறகு பார்க்கலாம் சார்."

"நாம எழுதின கையேட்டுல ஒண்ண எடுத்துக்கிட்டு, அதுல இருக்கறத வீட்ல நம்ம சொந்தக் கையால செய்யணும். யார் உதவியும் இல்லாம. வெள்ளிக்கிழமை விழா. சிறப்பா செஞ்சவருக்கு விருது."

ஒருவர் மடக்குக் கட்டிலை விரிப்பதாகச் சொன்னார். இன்னொருவர் மிக்ஸியின் பொத்தானை அழுத்துவதாகச் சொல்லிவிட்டு, மின்சாரம் இருந்தால் என்று சேர்த்துக்கொண்டார். கையேட்டாளர் எழுந்து நின்றார். அந்த அலுவலகத்தில் ஒருவர் எழுந்து நிற்பதே அபூர்வம் என்பதால் எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் டயர் மாட்டறேன் சார்."

மேலாளரின் கண் கலங்கிவிட்டது. "ஞாயித்துக்கிழமை நானே நேர்ல வரேன். ஹெல்மெட்டும் வருவார். எந்த வண்டிக்கு மாட்டப் போறீங்க?"

"நம்ம வண்டிக்குத்தான் சார்."

'நம்ம வண்டி' என்பதில் ஒரு சின்னத் தகவல் விடுபட்டிருந்தது. கையேட்டாளர் பேருந்தில் போகிறவர். வண்டி மனைவியுடையது. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பி, நடமாட முடியாதவர்கள் வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் ரத்தத்தை எடுத்து, சின்னக் குழாய்களில் அடைத்து, வண்டியின் பின்னால் கட்டிய பெட்டியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு வெகுகாலம் வீட்டோடு இருந்துவிட்டு, படித்ததெல்லாம் மறந்துபோகும் நேரத்தில் தேடிப் பிடித்த வேலை. இதுவரை தற்காலிகம். வருகிற திங்கட்கிழமை நிரந்தரம் செய்வதாகப் பேச்சு. "அன்னிக்கு மட்டும் ஒரு குறையும் வராம பாத்துக்கோம்மா, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று பரிசோதனைக் கூடத்து முதலாளியம்மா சொல்லியிருந்தார். அதை நினைத்து நினைத்து அவள் அந்த வாரம் முழுக்கத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பின் டயர் தேய்ந்து வழுக்க ஆரம்பித்திருந்ததால் புது டயரும் வாங்கி வந்து நடையில் சாய்த்து வைத்திருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் தெருமுனைக் கடையில் கொடுத்து மாட்டிக்கொள்வதாக ஏற்பாடு. மத்தியானம் வேலை முடிந்து வந்து ஒரு தூக்கம் போட்டாள். எழுந்து வந்து பார்த்தபோது, வாசலில் வண்டி ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது. பின்பக்கம் சங்கிலி மட்டும் தொங்கியது.

"என்னங்க, வண்டியோட பின் சக்கரம் எங்க?"

"கூடத்துல இருக்கு."

"அது ஏன் கூடத்துல இருக்கு?"

"சொந்தக் கை வாரம்."

அவள் கூடத்துக்கு வந்தாள். பழைய போர்வை மேல் சக்கரம் படுத்திருந்தது. பக்கத்தில் கையேட்டாளர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் எழுதிய புத்தகத்தை அவரே முதல் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"கை உங்களுது சரி. வண்டி என்னுதாச்சே," என்றாள். "குடுங்க, கடைல போட்டுட்டு வந்திடறேன்."

"கடைக்காரர் மாட்டினா அது அவர் கை. சொந்தக் கைல வராது."

"யார் கையா இருந்தா எனக்கென்ன? திங்கக்கிழமை காலைல வண்டி ஓடணும்."

"ஓடும். இந்தக் கையேட்ட எழுதினவனே நான்தானே."

"மாப்பிள்ளை எழுதின கையேட்டப் பாத்துதான் என் கட்டில பூட்டினேன்," என்று உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "இன்னும் தரைலதான் படுத்திருக்கேன்." மாமியார் அந்த நாளில் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். யார் பேசினாலும் நடுவில் புகுந்து இணைப்புக் கொடுக்கும் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

"நாளைக்கு மேலாளர் வரார்," என்றார் கையேட்டாளர் மெதுவாக. "எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்."

ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவர் கன்னத்தில் ஒரு கோடு கிரீஸ் அப்பியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தில் மையைத் தவிர வேறு எதுவும் ஒட்டி அவள் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். அவளுக்கு மனசு இளகிவிட்டது.

"சரி. ஆனா நாளைக்கு மத்தியானம் வண்டி வண்டியா நிக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பழைய டயரைக் கழற்றுவதிலேயே கையேடு தன் மேன்மையைக் காட்டியது. 'டயர்க் கரண்டியை ரிம்முக்கும் டயருக்கும் இடையில் செருகி நெம்பவும்' என்று முதல் வரி. டயர் நெம்பும் இரும்புக்கு வெளிநாட்டுக்காரன் தன் மொழியில் கரண்டி என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறான். கையேட்டாளர் அந்தப் பெட்டியைத் திறந்தே பார்க்காமல் மொழிபெயர்த்தவர். இப்போது திறந்தார். கரண்டி இல்லை. சமையலறைக்குப் போனார்.

"அத்தை, நல்ல கெட்டிக் கரண்டியா ஒண்ணு வேணும்."

"பசிக்குதா மாப்பிள்ளை?"

"எனக்கில்ல, டயருக்கு."

"டயருக்கா பசிக்குது?"

நீளக் காம்பு போட்ட குழிக்கரண்டி ஒன்று கிடைத்தது. ரிம்முக்குள் செருகி ஒரு நெம்பு நெம்பியதும் அது இடுப்பை மடித்துக் கும்பிடு போட்டது. மாமியார் வந்து பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். பிறகு திறந்து கிடந்த கருவிப்பெட்டியையும் பார்த்தார்.

"அந்தப் பெட்டில தட்டையா ரெண்டு இரும்பு இருக்கே, அது எதுக்கு?"

"அதப் பத்திக் கையேட்டுல ஒண்ணும் போடல அத்தை."

கரண்டி போனபின் வேறு வழியில்லாமல் அந்தக் 'குறிப்பிடப்படாத' இரும்புகளை எடுத்தார். டயர் கழன்று வந்துவிட்டது. விரலில் தோல் உரிந்தது, கூடத்துச் சுவரில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது, போர்வை இனி போர்வையாகாது. இருந்தாலும் கழன்றுவிட்டது. அன்று இரவு கையேட்டாளர் கை கழுவாமலே சாப்பிட உட்காரப் பார்த்தார். அழுக்கைக் காட்ட ஆள் வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலாளரும் ஹெல்மெட்டும் வந்தார்கள். ஹெல்மெட் வாசலில் செருப்பைக் கழற்றினார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்து, மேலே ஓடும் மின்விசிறியைச் சுட்டி, "அது விழ வாய்ப்பிருக்கு" என்றார். மின்விசிறி நிறுத்தப்பட்டது. எல்லோருக்கும் வியர்க்கத் தொடங்கியது.

ரிம்முக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, டயரின் ஒரு பக்க ஓரத்தை ஏற்றியாயிற்று. டியூப்பை உள்ளே நுழைத்து, அதன் வாயை ரிம்மின் துளையில் வெளியே எடுத்தாயிற்று. மறுபக்க ஓரமும் சுற்றிச் சுற்றி உள்ளே போய்க்கொண்டே வந்து, கடைசியாக ஒரு சாண் அளவுக்கு மட்டும் வெளியே நின்றுகொண்டு வரமாட்டேன் என்றது. கையேட்டாளர் இரும்பால் நெம்பினார். எந்தப் பலனும் இல்லை. இன்னொரு இரும்பையும் போட்டு நெம்பினார். டயர் முறுக்கிக்கொண்டது.

"கையேட்டுல என்ன இருக்கு?" என்று கேட்டார் மேலாளர்.

கையேட்டாளர் வாசித்தார். "'கடைசிப் பகுதியை ஏற்றும்போது இணக்கப் பக்கத்தை முழங்காலால் அழுத்திக்கொள்ளவும்.'"

"அருமையான வரி. யார் எழுதினது?"

"நாமதான் சார்."

"இணக்கப் பக்கம்னா எது சார்?" என்று ஹெல்மெட் கேட்டார்.

மேலாளர் யோசித்தார். முடிவெடுக்கும் பதவியில் இருப்பவர் என்பதால் வெகுநேரம் யோசிக்கவில்லை. "நாம எந்தப் பக்கம் இருக்கோமோ அதுதான் இணக்கப் பக்கம்," என்றார்.

மூன்று பேரும் ஒரே பக்கம் மண்டியிட்டார்கள். பிரச்சினை எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே மூவர் பாரமும் இறங்கியது. அலுவலகத்தில் பல ஆண்டுகளாகப் பின்பற்றப்பட்டு வரும் முறைதான் அது. டயர் அந்தப் பக்கம் சப்பையாகி, எதிர்ப்பக்கம் தலையைத் தூக்கியது. இவர்கள் அழுத்த அழுத்த அது இன்னும் தூக்கியது. நடுப்பள்ளத்தில் இறங்க வேண்டியவன் எழுந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால், ஏற வேண்டியவன் எப்படி ஏறுவான்?

"சார், அந்தப் பக்கம் தூக்குது," என்றார் ஹெல்மெட் மூச்சு வாங்க. "யாராவது ஒருத்தர் அங்க போயி…"

"அங்கன்னா? எனக்கு எதிர்லயா?"

 "பிறகு பார்க்கலாம் சார்," என்றார் ஹெல்மெட்.

கையேட்டாளருக்கு அந்த நிமிடம் பழைய வரி ஞாபகத்துக்கு வந்தது. அடிப்பதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்பது அப்படியே கண்முன் நின்றது. எழுந்து இரண்டடி நடந்து அந்தப் பக்கம் முழங்காலை வைத்தால் போதும். அவர் மேலாளரின் முகத்தைப் பார்த்தார். வியர்வை வழிய, தன் ஊழியர்கள் இரு தோள்களையும் உரசிக்கொண்டிருக்க, மேலாளர் அவ்வளவு நிறைவோடு இருந்தார். கையேட்டாளர் அந்த ஞாபகத்தையும் அடித்துவிட்டு இன்னும் பலமாக அழுத்தினார்.

மத்தியானம் ஆயிற்று. மனைவி உள்ளேயிருந்து வந்தாள். மறுநாளைக்கான ரத்தப் பெட்டி கூடத்து அலமாரியில் இருந்தது. அலமாரிக்கும் அவளுக்கும் நடுவில் சக்கரமும், சக்கரத்தின் மேல் மூன்று ஆண்களும்.

"கொஞ்சம் நகருங்க."

யாரும் நகரவில்லை. ஒருவர் நகர்ந்தால் இணக்கம் குலையும்.

"இன்னுமா மாட்டல?"

"முன்னேற்றப் பாதைல இருக்கும்மா," என்றார் மேலாளர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடை மூடியிருக்கிறது, வண்டி மரப்பெட்டி மேல் நிற்கிறது, மூன்று பேர் கூடத்தில் ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டு கிடக்கிறார்கள். போய்ப் பெட்டியை எடுக்க வேறு வழியில்லாமல், தூக்கி நின்ற டயரின் மேலேயே ஓங்கி ஒரு மிதி மிதித்து ஏறினாள். 'ளொக்' என்று ஒரு சத்தம். அவள் காலடியில் டயர் பள்ளத்துக்குள் இறங்கியது. இந்தப் பக்கம், காலையிலிருந்து முரண்டு பிடித்த அந்த ஒரு சாண், நெம்பிக்கொண்டிருந்த இரும்போடு வழுக்கி உள்ளே போய்விட்டது. மேலாளர் முன்னால் கவிழ்ந்தார்.

"பாத்தீங்களா?" என்றார் எழுந்துகொண்டே. "இதான் இணக்கம்."

"நான் மிதிச்சேன்," என்றாள் மனைவி.

"உங்க ஒத்துழைப்புக்கும் நன்றிம்மா."

அடுத்தது காற்று. கால் பம்பைக் கையேட்டாளர் மிதித்தார். டயர் உட்காரும்போது வெடிக்கிற மாதிரி சத்தம் கேட்கும் என்று படித்திருந்த ஹெல்மெட், பாதுகாப்பை மேற்பார்வையிட அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். 'டப்' என்று ஓரிடம் உட்கார்ந்தது. மறுபடி 'டப்'. சுற்றிலும் ரிம்மை ஒட்டி, டயரில் ஒரு மெல்லிய கோடு சமமாக வெளியே தெரிந்தது. காற்று நுழையும் வாய்க்குப் பக்கத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்குக் கோட்டைக் காணவில்லை. அந்த இடம் உள்ளே அமுங்கியே இருந்தது.

மனைவி குனிந்து விரலை வைத்துப் பார்த்தாள். "இங்க உக்காரலியே. ஓட்டினா குதிக்குமே."

"அம்மா, மொத்தமா பாருங்க," என்றார் மேலாளர். "எல்லா இடத்துலயும் உக்காந்திருக்கு. ஓட்டெடுப்பு வெச்சா டயர் உக்காந்தாச்சு. ஒரு இடத்துல மட்டும் சின்னக் கருத்து வேறுபாடு. அது போகப் போகச் சரியாயிடும்."

"இப்படி ஆனா என்ன செய்யணும்னு உங்க புத்தகத்துல போட்டிருப்பீங்களே. படிங்க."

கையேட்டாளர் பக்கத்தைத் திருப்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "'டயர் உட்கார்ந்ததும் மகிழவும்.'"

மகிழ்ந்தார்கள். ஹெல்மெட் கதவைத் திறந்துகொண்டு வந்து, ஆபத்து இல்லை என்று அறிவித்து, அவரும் மகிழ்ந்தார். படம் எடுக்கப்பட்டது. சக்கரம் வண்டியில் பூட்டப்பட்டது.

அவர்கள் போன பிறகு மனைவி கேட்டாள். "இன்னொரு தடவ கழட்டி மாட்டிப் பாத்திடலாங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"மேலாளர் பாத்துட்டுப் போனதக் கழட்டினா, அவர் பாத்தது தப்புன்னு ஆயிடும்."

"அப்ப நான் பாத்தது?"

கையேட்டாளர் கையேட்டைப் புரட்டிப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை கையேட்டாளர் வாசலில் நின்று வழியனுப்பினார். வண்டி கிளம்பி, தெருவில் வேகமெடுத்தது. பின் சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை தூக்கிப் போட்டது. அவளும் அவள் பின்னால் கட்டியிருந்த பெட்டியும் குதித்துக் குதித்துத் தெருமுனை திரும்பினார்கள்.

"எவ்வளவு உற்சாகமா போறா பாருங்க அத்தை," என்றார்.

"அது உற்சாகமில்ல மாப்பிள்ளை, வண்டிக்கு விக்கல்."

அன்றைக்கு அலுவலகத்தில் அவரை எல்லோரும் கை கொடுத்துப் பாராட்டினார்கள். சாயங்காலம் வீடு திரும்பியபோது மனைவி சாப்பாட்டு மேசை முன்னால் இருந்தாள். எதிரே ரத்தப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"என்னாச்சு?"

"அத்தனையும் கெட்டுப்போச்சு," என்றாள். "ரத்தத்த அப்படிக் குலுக்கக் கூடாதுங்க. குலுக்கினா உள்ள இருக்கற அணுவெல்லாம் உடைஞ்சு கலங்கிடும், மெஷின் எடுக்காது. மெதுவாத்தான் போனேன். மெதுவாப் போனாலும் குதிக்குது. ஒரு குழாய்கூடத் தேறல."

"மறுபடி எடுத்தா…"

"மறுபடிதான் எடுத்தாங்க. வேற ஆள அனுப்பி. எல்லாரும் பட்டினியா காத்திருந்தவங்க. ஒரு பெரியவருக்கு நரம்பே கிடைக்காது, அவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்தேன், அவரையும் திரும்பக் குத்தியிருக்காங்க. வீட்டுக்காரங்க எல்லாம் போன் பண்ணித் திட்டியிருக்காங்க." பெட்டியை ஓரமாக நகர்த்தினாள். "முதலாளியம்மா நல்லவங்கதான். கத்தல. இனிமே தேவைப்பட்டா நாங்களே கூப்பிடறோம்மான்னாங்க."

"கூப்பிடுவாங்க."

"கூப்பிட மாட்டாங்க."

கையேட்டாளர் எதிரே போய் உட்கார்ந்தார். அவருடைய வருத்தம் உண்மையானது, அதைக் கேலி செய்வதற்கில்லை. அவளுக்கு இந்த வேலை என்னவாக இருந்தது என்பது அவருக்குத் தெரியும். அந்த ஒரு வாரம் அவள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததையும் அவர் பார்த்திருந்தார். தப்பு தன்னுடையது என்பதும், அது எந்த வரியில் நடந்தது என்பதும்கூடத் தெரியும். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். சொல்ல வேண்டிய சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்து, அலுவலகத்தில் பழகிய பாதையில் திரும்பிவிட்டது.

"புரிஞ்சுக்கிட்டதுக்கு நன்றி," என்றார்.

மாமியார் உள்ளறையில்தான் இருந்தார். அன்றைக்கு அவர் நடுவில் எதுவும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை விழா இனிதே நடந்தது. மேடைக்குப் பின்னால் அந்தப் படம் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டப்பட்டிருந்தது. மூன்று ஆண்கள் ஒரு சக்கரத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். ஓரத்தில் தெரிந்த பெண்ணின் கால், அழகு கருதி வெட்டப்பட்டிருந்தது. மடக்குக் கட்டிலை விரிப்பதாகச் சொன்னவர் விரலில் கட்டோடு வந்திருந்ததால் போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். 'சொந்தக் கைச் செம்மல்' விருது கையேட்டாளருக்கு வழங்கப்பட்டது. பொன்னாடை போர்த்தியபோது அவர் தலை குனிந்திருந்தது. அதை எல்லோரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மேலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். யார் உதவியையும் நாடாமல் ஒரு மனிதன் என்ன சாதிக்க முடியும் என்பதற்கு இந்தக் குடும்பமே சாட்சி என்றார். இந்தச் சாதனையை மற்ற கிளைகளுக்கும் அனுப்பப் போவதாகச் சொன்னார். அந்தக் கையேடு அடுத்த பதிப்பு காண்கிறது, ஓர் எழுத்தும் மாறாது என்றும் அறிவித்தார். கையேட்டாளரின் மனைவி முதல் வரிசையில் இருந்தாள். வேலை நாளாக இருந்தும் அவளால் வர முடிந்திருந்தது. மேலாளர் அவளைக் கையைக் காட்டி எழுப்பி, ஒலிபெருக்கியை அவளிடம் கொடுக்கச் சொன்னார்.

"நீங்களே உங்க வாயால சொல்லுங்கம்மா. அன்னிக்கு ஒரு இடத்துல உக்காரலன்னு குறை சொன்னீங்களே. இப்ப முழுசா உக்காந்தாச்சா?"

அவள் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டாள்.

"டயர் இன்னும் உக்காரல சார். நான்தான் வீட்ல உக்காந்துட்டேன்."